சென்னையின் பழைய பேட்டைகளில் கட்டுப்படியாகும் விலையில் ஃப்ளாட் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

திருவல்லிக்கேணியிலோ புரசைவாக்கத்திலோ இருபது, முப்பது வருடம் வாடகைக்கு இருந்த குடும்பங்கள் சொந்த வீடு என்று வரும்போது கூடுவாஞ்சேரிக்கும் திருமழிசைக்கும் போய்விடுகின்றன. நகருக்குள் நமக்குக் கட்டுப்படியாகாது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். புதிதாகக் கட்டும் கட்டடங்களின் விலையைக் கேட்டால் அந்த முடிவு நியாயம்தான். ஆனால் அதே தெருக்களில் 1980களிலும் 90களிலும் கட்டிய, லிஃப்ட் இல்லாத, இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் 500 முதல் 700 சதுர அடி வரையிலான வீடுகள் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிவிட்ட வீடுகள், படியேற முடியாத முதியவர்கள் விட்டுப்போகும் வீடுகள், பாகப்பிரிவினைக்காக விற்கும் வீடுகள். நடுத்தரக் குடும்பம் ஒன்று நகருக்குள் கால் ஊன்ற இன்றைக்கு இருக்கும் நல்ல வழி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வீடுகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணங்கள் உண்டு. சில காரணங்கள் நாம் ஏற்றுக்கொள்ளக் கூடியவை: லிஃப்ட் இல்லை, கார் நிறுத்த இடம் இல்லை, தரை பழைய மொசைக். சில காரணங்கள் நம்மைக் கவிழ்த்துவிடக் கூடியவை: ஆவணத்தில் ஓட்டை, நிலம் வேறொருவருடையது, தூண் துருப்பிடித்திருக்கிறது. முதல் வகைக்காக விலை குறைந்த வீட்டைத் தேடிப் பிடித்து, இரண்டாம் வகையை அடையாளம் கண்டு ஒதுக்குவதற்கான வழிமுறையைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பேட்டையை முடிவு செய்யுங்கள், பிறகு தெருவை

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி விலை எப்போதும் உச்சத்தில் இருக்கும். அங்கேயே பிடிவாதமாக நிற்காமல் மந்தைவெளி, ராயப்பேட்டை, திருவல்லிக்கேணியின் உட்தெருக்கள் என்று வட்டத்தை விரித்தால் விலை இறங்கத் தொடங்கும். சிந்தாதிரிப்பேட்டை, புதுப்பேட்டை, சூளை, பெரியமேடு, ஓட்டேரி, அயனாவரம், பெரம்பூர், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை ஆகியவற்றைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. வடசென்னை என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தால்தான் அங்கே விலை இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபோது தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு அண்ணா சாலை பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சிறுசேரி வழித்தடம் பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம், ராயப்பேட்டை, மந்தைவெளி வழியாகவும், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி வழித்தடம் திருமயிலை, பனகல் பூங்கா, கோடம்பாக்கம் வழியாகவும் அமைகின்றன. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால் நல்லது. நிலையத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தால் அந்த மனையில் ஏதாவது பகுதி கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

பேட்டையை விடத் தெரு முக்கியம். பட்டாளம், புளியந்தோப்பு, மேற்கு மாம்பலம் ஆகியவற்றில் சில தெருக்களில் கனமழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அடுத்த தெருவில் ஒன்றும் இருக்காது. தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் "2015இலும் 2021இலும் எதுவரை தண்ணீர் வந்தது?" என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். இன்னொன்றையும் கண்ணால் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை வீட்டு வாசலை விட உயரமாகிவிட்டது. வாசலில் இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும் என்றால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் கட்டடத்தில் தரைத்தள வீடு வேண்டாம்.

படி 2: நிலப் பங்கைக் கணக்குப் போடுங்கள்

தரகர்கள் சதுர அடி விலையைச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி யு.டி.எஸ். எவ்வளவு என்பது. யு.டி.எஸ். என்றால் கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத பங்கு. பழைய கட்டடத்தின் சுவருக்கு வருடா வருடம் மதிப்பு தேய்கிறது. மதிப்பு ஏறுவது அந்த மண்ணுக்கு மட்டும்தான்.

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், அந்தக் காலத்து விதிப்படி தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5 என்று வைத்துக்கொண்டால் 3,600 சதுர அடி கட்டலாம். 600 சதுர அடியில் ஆறு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் 400 சதுர அடி நிலம். வீட்டுப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நிலமாகவே உங்களிடம் இருக்கிறது. புறநகரில் பல மாடிக் கோபுரத்தில் அதே அளவு வீடு வாங்கினால் இதில் பாதி நிலம்கூடப் பங்காக வராது. ஆகவே இரண்டு பழைய வீடுகளை ஒப்பிடும்போது, கேட்கும் விலையை யு.டி.எஸ். அளவால் வகுத்துப் பாருங்கள். சதுர அடி விலையில் மலிவாகத் தெரிந்த வீடு இந்தக் கணக்கில் விலை கூடியதாக மாறுவது அடிக்கடி நடக்கும்.

மறுகட்டுமானம் பற்றி எல்லாரும் ஆசை காட்டுவார்கள். "பத்து வருடத்தில் பில்டர் வந்து இடித்துப் புது வீடு கட்டித் தருவார்" என்பார்கள். அது நடக்குமா என்பதைத் தெருவின் அகலம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரண உயரக் கட்டடங்களுக்குக் குறியீட்டை 2 ஆக உயர்த்தின. அதற்கு மேல் கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் குறியீடு, சாலை 9 மீட்டர் அகலம் இருந்தால் 30 சதவீதம், 12 மீட்டர் என்றால் 40 சதவீதம், 18 மீட்டர் என்றால் 50 சதவீதம். நம் ஒரு கிரவுண்டு மனை 30 அடிச் சாலையில் இருந்தால் காகிதக் கணக்குப்படி 4,800 சதுர அடியும், கூடுதல் கட்டணம் கட்டினால் 6,240 வரையும் போகலாம். சுற்றிலும் விட வேண்டிய இடம், கார் நிறுத்தம் போக முழுவதும் கிடைக்காது. இருந்தாலும் பில்டருக்கு லாபம் தெரியும். மாட்டு வண்டிக்காகப் போட்ட 15 அடிச் சந்தில் அதே மனை இருந்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சந்து வீடு வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. மறுகட்டுமான ஆசைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

முன்பெல்லாம் ஆறு பேரில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுவிடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று வழி செய்திருக்கிறது. உங்களுக்கு விருப்பம் இல்லாதபோதும் மற்றவர்கள் முடிவெடுக்கலாம் என்பதும் இதில் அடக்கம். அதனால் அக்கம்பக்கத்து உரிமையாளர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 3: கட்டடத்தைத் தலைகீழாகப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் வாசலில் நுழைந்து, ஹாலைப் பார்த்து, சமையலறையைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். புதிதாகப் பூசிய பெயின்டில் எந்தக் குறையும் தெரியாது. நீங்கள் நேராக மொட்டைமாடிக்கு ஏறுங்கள்.

மொட்டைமாடியில் பதித்த ஓடுகள் தட்டையாக இருக்கின்றனவா, வெடித்துப் புல் முளைத்திருக்கிறதா, அதன் மேல் எத்தனை முறை சிமென்ட் கலவை ஊற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒழுகுகிறது என்று ஒவ்வொரு முறையும் மேலே மேலே கலவை போட்டால் கூரைக்குச் சுமை கூடுகிறதே தவிர ஒழுக்கு நிற்காது. தண்ணீர்த் தொட்டி நிற்கும் தூண்களைப் பாருங்கள். அங்கே ஈரம் நிரந்தரம் என்பதால் கம்பி முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். பழுப்பு நிறத்தில் நேர்க்கோடாக வெடிப்பு ஓடினால் உள்ளே கம்பி வீங்கியிருக்கிறது என்று பொருள். அடுத்து ஜன்னல்களின் மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடுகள், பால்கனியின் அடிப்பக்கம், கடைசியாகத் தரைத்தளத்தில் தூண்களின் கால்பகுதி. கால்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் மேலேறுகிறது. திருவல்லிக்கேணி, ராயபுரம், பட்டினப்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் சேர்ந்து இதை வேகப்படுத்துகிறது. ஒரு சாவியால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். டப் டப் என்று வெற்றொலி வந்தால் பூச்சு உள்ளே பிடிப்பை விட்டுப் பிரிந்திருக்கிறது.

பிறகு நீங்கள் வாங்கப்போகும் வீட்டுக்கு நேர் கீழே குடியிருப்பவரிடம் அனுமதி கேட்டு, அவர் குளியலறைக் கூரையைப் பாருங்கள். அந்தக் காலக் கட்டடங்களில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி, குழாய்களை அதற்குள் புதைத்து, செங்கல் ஜல்லி போட்டு மூடியிருப்பார்கள். உள்ளே ஒரு குழாய் கசிந்தாலும் வருடக்கணக்கில் தண்ணீர் தேங்கி, கீழ்வீட்டுக் கூரையில்தான் தெரியும். அதைச் சரிசெய்ய முழுத் தரையையும் உடைக்க வேண்டும். இந்த ஒரு செலவே பேரத்தில் பேச வேண்டிய தொகை. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் பழைய சண்டையைச் சொல்லத் தொடங்கினால் பொறுமையாக முழுவதையும் கேளுங்கள். கட்டடத்தின் சரித்திரம் அதில் இருக்கிறது.

தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும்படி கட்டிய கட்டடங்களும் பழைய பேட்டைகளில் நிறைய உண்டு. எல்லா மாடியிலும் ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றன் மேல் ஒன்றாக நின்றால் அது அந்த வகை. அதில் ஹாலைப் பெரிதாக்கலாம் என்று சுவரை எடுக்கும் எண்ணத்தை மறந்துவிடுங்கள். வேறு வீட்டுக்காரர் யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கிறாரா என்பதும் பார்க்க வேண்டியது. வீடு பிடித்துப்போய் விலையும் படியும் என்று தோன்றினால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். கான்கிரீட்டின் வலுவை மேற்பரப்பில் அடித்துப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் சோதனை பெரிய செலவு அல்ல.

தண்ணீரைப் பார்க்கக் காலை ஆறு மணிக்குப் போங்கள். மெட்ரோ வாட்டர் தரைத்தொட்டிக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, மோட்டார் யார் போடுகிறார்கள், கோடையில் லாரி வாங்குகிறார்களா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும். பழைய இரும்புக் குழாய்களும், எர்த் இல்லாத மின்வயர்களும் எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்று செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

படி 4: ஆவணங்கள். அவசரம் கூடாத இடம்

விற்பவரிடம் முதலில் நகல் கேளுங்கள்: கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள் (சொத்தின் முந்தைய பத்திரங்கள்), அங்கீகரித்த கட்டட வரைபடம், சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண ரசீதுகள், பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல். நகல் கொடுக்கத் தயங்குபவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

அந்தக் காலத்து ஃப்ளாட்களில் ஒரு வழக்கம் இருந்தது. பதிவான பத்திரத்தில் நிலத்தின் பிரிபடாத பங்கு மட்டும்தான் இருக்கும். வீட்டைக் கட்டித் தருவது பில்டரோடு போட்ட தனிக் கட்டுமான ஒப்பந்தம். அது பெரும்பாலும் பதிவாகியிருக்காது. ஆகவே "இரண்டாம் தளம், வடகிழக்கு மூலை வீடு" உங்களுக்கு விற்பவருடையதுதான் என்பதற்கு அந்த ஒப்பந்தத்தின் அசல் வேண்டும். சென்னையில் கதவு எண்ணும் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. சர்வே எண்ணும் ஓ.எஸ். (பழைய அளவை), ஆர்.எஸ். (மறு அளவை), டி.எஸ். (நகர அளவை) என்று காலத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது. எல்லாப் பத்திரங்களிலும் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று விரல் வைத்து ஒப்பிடுங்கள்.

வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலை, பதிவுத்துறை இணையதளத்திலேயே 1975 முதல் பெரும்பாலான அலுவலகங்களுக்கு இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். எல்லாரும் தாங்கள் வாங்கும் வீட்டின் பதிவை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் அந்த மனையின் சர்வே எண் முழுவதற்கும் போட்டுப் பாருங்கள். அந்த மனையில் எத்தனை ஃப்ளாட்கள் விற்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நிலம் எழுதிக் கொடுத்தார்கள் என்று வரிசையாக வரும். ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். 2,400 சதுர அடி மனையில் தலா 400 வீதம் ஆறு பத்திரம் என்றால் கணக்கு நேர். பிற்பாடு மொட்டைமாடியில் ஏழாவது வீடு ஒன்று கட்டி, அதற்கும் 150 சதுர அடி எழுதிக் கொடுத்திருந்தால் மொத்தம் 2,550 ஆகிவிடும். இல்லாத நிலம் விற்கப்பட்டிருக்கிறது. நீங்கள் வாங்குவது அந்த ஏழாவது வீடாக இருந்தால் உடனே விலகுங்கள். முதல் ஆறில் ஒன்றாக இருந்தாலும் மறுகட்டுமானத்தின்போது இந்தச் சிக்கல் வரும் என்று தெரிந்தே விலை பேசுங்கள்.

அதே போல், வரைபடத்தில் எத்தனை தளம், நேரில் எத்தனை தளம் என்று எண்ணுங்கள். மாநகராட்சி அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் இல்லாத தளத்தில் இருக்கும் வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. வில்லங்கத்தில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு பதிவு இருந்தால் பத்திரம் வங்கியில் அடமானம் இருந்தது என்று பொருள். கடன் தீர்ந்ததற்கான ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும்.

இவ்வளவையும் நீங்களே பார்த்த பிறகு வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து வாங்குங்கள். வங்கி வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை.

படி 5: விற்பவருக்கு விற்க உரிமை இருக்கிறதா?

பழைய வீடுகளில் பத்திரத்தில் பெயர் உள்ளவர் பல நேரம் உயிரோடு இருப்பதில்லை. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. பலர் மறந்துவிடும் ஒருவர் உண்டு: இறந்தவரின் தாய். மகன் இறந்தபோது அந்தத் தாய் உயிரோடு இருந்திருந்தால் அதே சட்டப்படி அவருக்கும் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது. அவர் பின்னாளில் இறந்தபோது அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், அதாவது விற்பவரின் சித்தப்பா, அத்தைகளுக்கும் போயிருக்கும். வாரிசுச் சான்றின் தேதிகளை இறப்புச் சான்றுகளோடு வைத்துப் பாருங்கள். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே செய்துவிட்டோம், அவருக்குப் பங்கு இல்லை" என்பது சட்டத்தில் நிற்காது. தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அக்கா பதிந்து கொடுத்திருக்க வேண்டும், அல்லது கிரயத்தில் கையெழுத்துப் போட வர வேண்டும். உயில்வழி வந்த சொத்து என்றால், சென்னை நகரில் புரொபேட் (உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று) கேட்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. இதில் மட்டும் வழக்கறிஞர் சொல்லே முடிவு.

விற்பவர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்து, இங்கே உறவினர் ஒருவர் பவர் பத்திரத்தின் பேரில் விற்பது மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அன்றாடம் நடக்கிறது. அதில் தவறில்லை. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் வேண்டும். அவரிடம் வீடியோ அழைப்பில் ஒரு முறை நேரடியாகப் பேசிவிடுங்கள். வெளிநாடுவாழ் இந்தியரிடம் வாங்கும்போது வரிப் பிடித்தம் சாதாரண 1 சதவீதம் அல்ல, அதை விட மிக அதிகம். பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது என்பதால் ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெறும் பவரை வைத்தே வீடு கைமாறிவிட்டதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வீட்டில் குடித்தனம் இருந்தால் அவர்களிடமும் தனியே பேசுங்கள். மாத வாடகையா, மொத்தமாகப் பணம் கொடுத்துப் போக்கியத்துக்கு இருக்கிறார்களா என்பது முக்கியம். போக்கியப் பணத்தைத் திருப்பித் தராமல் அவர்கள் காலி செய்ய மாட்டார்கள்.

தொடவே கூடாத மூன்று

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, வில்லிவாக்கம் போன்ற கோயில் பேட்டைகளில் நிலம் கோயிலுடையதாக இருக்கலாம். குடியிருப்பவர் அடிமனை வாடகை கட்டிக்கொண்டு மேல்கட்டடத்துக்கு மட்டும் உரிமையாளராக இருப்பார். பல தலைமுறையாக அங்கே வாழ்பவர்களுக்கு அது வாழ்விடம். புதிதாக வாங்க வரும் உங்களுக்கு அதில் நிலப் பங்கே கிடையாது. கடனும் கிடைக்காது. இந்து சமய அறநிலையத்துறை இணையதளத்தில் கோயில் நில விவரங்கள் இருக்கின்றன, சர்வே எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டையில் வக்ஃபு நிலமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, வாரியக் குடியிருப்புகள். வீட்டுவசதி வாரிய வீடு என்றால் ஒதுக்கீடு பெற்றவருக்கு வாரியம் கிரயப் பத்திரம் பதிந்து கொடுத்திருந்தால் தாராளமாக வாங்கலாம். நிலப் பங்கு நன்றாகவே இருக்கும். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விற்பவர்களிடம் வேண்டாம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடுகளில் இந்த எச்சரிக்கை இன்னும் பலமடங்கு பொருந்தும்.

மூன்றாவது, வழக்கு நிலுவையில் உள்ள வீடு. "சும்மா ஒரு கேஸ், முடிந்துவிடும்" என்பார்கள். முடியட்டும், பிறகு வாங்கலாம்.

படி 6: பணம் எங்கிருந்து எவ்வளவு?

கேட்கும் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் உச்சவரம்பு. ஆக 48 லட்சம் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்தை 52 லட்சம் என்று எழுதினால் கடன் 41 லட்சத்து 60 ஆயிரம்தான். கட்டடத்தின் மீதி ஆயுளைப் பார்த்துக் கடன் வருடங்களையும் குறைப்பார்கள், மாதத் தவணை ஏறும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒன்றிரண்டு வங்கிகளில், இத்தனை வயதுக் கட்டடத்துக்குக் கடன் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். அதே கட்டடத்தில் வேறு யாராவது வீட்டுக்கடன் வாங்கியிருந்தால் அந்த வங்கிக்கே போவது நல்லது.

பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலுக்கு முன் 4 சதவீதமாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அறிமுகமான, நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறையும் அதன் குறைந்த தீர்வையும் பில்டரிடமிருந்து முதல் முறை வாங்கும் ஃப்ளாட்களுக்கு மட்டும்தான். மறுவிற்பனை வீட்டுக்கு அது இல்லை. 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். இது வங்கிக் கடனில் சேராது. தரகு 1 முதல் 2 சதவீதம், வழக்கறிஞர் கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் கைப்பணம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வருமான வரியை நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு அல்ல, விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்து கழிவது.

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு, மீதியைக் கறுப்பாகக் கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மறுத்துவிடுங்கள். பத்திரத்தில் தொகை குறைந்தால் கடன் குறையும், நாளை நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி கூடும், ஏதாவது தகராறு வந்தால் கொடுத்த பணத்துக்குச் சாட்சியே இருக்காது.

படி 7: ஒப்பந்தமும் பதிவும்

தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். வெற்றுத்தாளில் எழுதி வாங்கும் "டோக்கன் அட்வான்ஸ்" ரசீதோடு நிறுத்தாதீர்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் இருக்கட்டும்: சட்டக் கருத்து பாதகமாக வந்தாலோ வங்கி ஆவணக் குறையால் கடன் மறுத்தாலோ முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும், எந்தத் தேதிக்குள் வீட்டைக் காலி செய்து ஒப்படைப்பார்கள், நிலுவை வரி, மெயின்டனன்ஸ், மின் கட்டணம் யார் பொறுப்பு. பைக்கோ காரோ நிறுத்தும் இடம் உண்டு என்று வாயால் சொன்னால் அது பத்திரத்திலும் வர வேண்டும்.

பதிவு நாளுக்கு முந்தைய நாள் வில்லங்கச் சான்றை மறுபடி ஒரு முறை பாருங்கள். பத்திர வரைவை அலுவலக வாசலில் அவசரமாகப் புரட்டாமல், ஓரிரு நாள் முன்பே வாங்கி, சர்வே எண், நான்கெல்லை, யு.டி.எஸ். அளவு மூன்றையும் தாய்ப் பத்திரத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இதில் ஒரு எண் பிசகினால் பிழைதிருத்தல் பத்திரம் போட விற்றவர் மீண்டும் வர வேண்டும். அவர் அதற்குள் டெக்ஸாஸ் போயிருப்பார்.

படி 8: சாவி கைக்கு வந்த பிறகு

சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். மனையின் பட்டாவிலும் உங்கள் பெயரைச் சேர்க்க விண்ணப்பியுங்கள். பழைய ஃப்ளாட்களில் பட்டா இன்னும் முதல் நில உரிமையாளர் பெயரிலேயே இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பது எளிது.

பழுதுபார்ப்பில் வரிசை முக்கியம். முதலில் குழாய், குளியலறைத் தளம், அடுத்து வயரிங், அதன் பிறகு பூச்சு, கடைசியில்தான் தரையும் பெயின்டும். மாடுலர் கிச்சனை முதலில் போட்டவர்கள் பிறகு குழாய்க்காக அதை உடைப்பதைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

சிறிய கட்டடங்களில் பல இடங்களில் சங்கமே இருக்காது. மாதம் யாராவது ஒருவர் வீடு வீடாக வந்து தண்ணீர் மோட்டாருக்கும் துப்புரவுக்கும் பணம் வசூலிப்பதோடு சரி. நீங்கள் புதிதாக வந்தவர், பழைய பகை எதிலும் இல்லாதவர். சங்கத்தைப் பதிவு செய்யும் பேச்சை நீங்கள் எடுத்தால் பெரும்பாலும் எடுபடும். பொது வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அங்கீகரித்த வரைபடம், தாய்ப் பத்திர நகல்கள், எல்லாருடைய யு.டி.எஸ். பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். முதல் வருட வசூலை மொட்டைமாடித் தட்டோட்டைச் சீர்செய்வதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த வேலை புரட்டாசிக்குள் முடிந்தால், ஐப்பசி மழைக்குக் கட்டடம் தயாராகிவிடும்.